இடி வாசித்த ஆல்பம்

பேஸ் கிதார் வாசிப்பவருக்குக் குழுவில் 'இடி' என்று பெயர். முப்பத்திரண்டு வருஷமாக ஒரே ரெகே இசைக்குழு, ஒரே கிதார். ஒரு காலத்தில் மைதானத்தை நிறைத்தவர்கள், இப்போது ஓட்டல் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டாலே பெரிய விஷயம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். போதாக்குறைக்கு, ஆறு வருஷமாக இடிக்குக் காது கேட்காது.

இது தெரிந்தது இரண்டே பேருக்கு: மனைவிக்கும், குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அவள் அண்ணனுக்கும். மேடையில் மச்சானின் காலைப் பார்த்தே இடி தாளம் பிடிப்பார். ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வு தரை வழியாக முழங்காலுக்கு ஏறி மீதியைச் சொல்லிவிடும். பாவி மனுஷன், காதுள்ளவர்களைவிடச் சுத்தமாக வாசித்தார்.

பிறகு இந்த ஆல்பம் வந்து சேர்ந்தது. "இதுவும் போணியாகலன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றார் பாடகர். ஸ்டூடியோவில் பெட்டி கிடையாது. கிதாரின் வயர் நேராக ரெக்கார்டிங் மெஷினுக்குப் போகும். கண்ணாடித் தடுப்பு வழியாக மச்சானின் முகம் தெரியும், கால் தெரியாது. முதல் நாள், பாட்டு முடிந்த பிறகும் இடி கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தார். திறந்தபோது எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானத்தில் உடம்பு கூசியது. நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார். சொல்லவில்லை. அடுத்த ஒன்பது நாளும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மச்சான் எப்படியோ சமாளித்துவிட்டார் என்று நெஞ்சு குளிர்ந்தது.

ஆல்பம் தயாரானதும் மச்சானே வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். இடி ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தார். மனைவி வாயை அகலமாக அசைத்துச் சொன்னாள்: "உங்க வாசிப்பு அருமையா இருக்குங்க!"

கை வேறு சொன்னது. இடி தாளத்தின் முதல் தட்டைக் காலியாக விட்டு, இரண்டாவதில்தான் இறங்குவார். அதற்குத்தான் அவருக்குப் பேரே. இங்கே முதல் தட்டிலேயே குத்து விழுந்தது, ஒவ்வொரு முறையும்.

"இது யாரு மச்சான்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நம்பியிருந்த மச்சானுக்கு வேர்த்துவிட்டது. "வெளியாளு. கூலிக்கு வந்தான்."

"எத்தன பாட்டுல?"

"எல்லாத்துலயும்."

"அப்ப நான் வாசிச்சது?"

உதட்டைப் படிக்கிறவரிடம் தலையைக் குனிந்தால் தப்பிக்கலாம். மச்சான் குனிந்துகொண்டார். இடி அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ரெண்டாவது நாள்ல இருந்து உன் வயரு மெஷின்ல இல்ல மாப்ள. கழட்டி வச்சிருந்தோம்."

"கழட்டினது யாரு?"

"நான்தான். உன்ன வீட்டுக்கு அனுப்ப மனசு வரல."