கடைவாயில் ஒரு நடவு

வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, திறந்த பிறகு பேசவிடாத தொழில் எங்களுடையது. அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்து, உதட்டோரம் எச்சில் வழிய, கேட்டதற்கெல்லாம் "ம்ம்" என்று மட்டும் பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த வகையில் நாமெல்லாம் ஒரே குடும்பம்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவை கணபதியில், ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல்மாடியில் என் கிளினிக் இருந்தது. பல் டாக்டர் நான், உதவிக்கு சரோஜா. விழுந்துபோன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஒரு சின்ன டைட்டானியத் திருகைப் பதித்து, எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் விட்டு, பிறகு அதன்மேல் பல் கட்டுகிற இம்பிளான்ட் வேலையை அப்போதுதான் சென்னைக்குப் போய்ப் பழகி வந்திருந்தேன். அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. "அந்த டாக்டரம்மா பல்லு நடறாங்களாமா" என்று பேசிக்கொண்டார்கள். நடுவதா வேண்டாமா என்று கேட்டு வந்தவர்களில் சிலரைச் சொல்கிறேன்.

மரை

பொன்னுசாமி லேத் பட்டறை வைத்திருந்தார். கீழ்க்கடைவாயில் இரண்டு பல் போய், ஒரே பக்கமாக மென்று மென்று அந்தப் பக்கத்துத் தாடையும் வலிக்க ஆரம்பித்திருந்தது. மாதிரித் திருகைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதன் மரைச் சுற்றுகளை நகத்தால் தடவிப் பார்த்தார். துரு ஏறுமா, அதிர்வில் லூசாகுமா, எண்ணெய் ஏதாவது விட வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். ஏதோ பட்டறைக்கு ஆர்டர் எடுக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. சரோஜாதான் என் காதருகே, "அவருக்குக் கை வேர்க்குதுங்க" என்றாள். பார்த்தால், வேர்வையில் திருகு அவர் விரலில் வழுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன பயம், நேராவே கேளுங்க" என்றேன். "எலும்புல மரை தேஞ்சு போச்சுன்னா என்னுங்க பண்றது? அதுக்கு ஓவர்சைஸ் இருக்குதுங்களா?" என்றார். இதைவிடக் கொஞ்சம் தடித்ததும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். மனிதர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அதைய மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன கேள்வி கேட்டிருக்க மாட்டனுங்க."

மாட்டு யாவாரி

குப்பண்ணன் மாட்டு வியாபாரி. அந்தியூர்த் திருவிழா மாட்டுச் சந்தைக்கு ஒரு வருஷமும் தவறாதவர். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தே வயசு சொல்லிவிடுவார். அவர் வாயைப் பிளந்து பார்த்தால், பின்பக்கம் இரண்டு புறமும் வெறும் ஈறுதான். சோற்றை மெல்லாமல் விழுங்கி விழுங்கி, வயிற்றுவலியோடு அலைந்துகொண்டிருந்தார். வயிற்று டாக்டர்தான் என்னிடம் அனுப்பியிருந்தார்.

அவருக்கு இதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. "ஏனுங்க டாக்டரம்மா, முன்பல்லு பூரா இருக்குது. சிரிச்சா அழகாத்தானே இருக்குது? கடைவாய எவன் வந்து பாக்கப் போறான்? மாட்டையே நாங்க முன்பல்ல வெச்சுத்தான் வாங்கறோம்" என்றார். அவர் மனைவி, அதுவரை மடியில் பையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவர், கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மாட்டுக்கு மேல்வரிசைல முன்பல்லே கெடையாதுங்க. அது தின்னு பொழைக்கறதே கடைவாயிலதான். இவுரு அதுங்கூடத் தெரியாம இத்தன காலம் யாவாரம் பண்ணிப்போட்டாருங்க."

டீச்சரின் வேண்டுதல்

ஜெயமணி டீச்சர் சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். அப்பா அம்மா காடுகழனிக் கூலி வேலைக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் டீச்சர் இவர்தான். கடைவாய்ப் பற்களைச் சின்ன வயதிலேயே பிடுங்கியாகிவிட்டது. விருந்துகளில் கறியை மெல்ல முடியாமல், ரசம் சோற்றோடு எழுந்துவிடுவார். காரணம் சொல்லக் கூச்சம். சர்ச்சில் யாரோ, "மகளுக்கு நர்சிங் சீட்டுக் கெடைக்கோணும்னு டீச்சர் கறி தின்னாம வேண்டுதல்ல இருக்கறாங்க" என்று சொல்ல, இவரும் மறுக்காமல் இருந்துவிட்டார். அந்த வருஷம் மகளுக்குச் சீட்டும் கிடைத்துவிட்டது. சபையார் சந்தோஷப்பட்டு, டீச்சருக்காகவே ஆட்டுக்கறி பிரியாணி ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

"எப்பங்க பல்லு வரும்?" என்று கேட்டார். இம்பிளான்ட் என்றால் சில மாதம் ஆகும், கழற்றி மாட்டும் செட் என்றால் சீக்கிரமே கிடைக்கும் என்றேன். செட் ஏற்கெனவே ஒன்று போட்டுப் பார்த்தாராம். வகுப்பில் 'ழ'கரம் சொல்லித்தரும்போது அது வாயை விட்டு வெளியே கிளம்பிவிட்டதாம். முன்வரிசைப் பிள்ளைகள் முகத்தைச் சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. சொல்லி முடித்து அவரே சிரித்தும்விட்டார். சரோஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "நட்டே உட்ருங்க. எலும்பு புடிக்கிற வரைக்கும், மகளுக்கு நல்ல மாப்பிள்ளை அமையோணும்னு இன்னொரு வேண்டுதல்னு சொல்லிக்கறனுங்க" என்றார்.

பிரியாணி நாளில் அவர் ரசம் சோறுதான் சாப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன் பல் கட்டி முடித்தோம். புத்தாண்டு கழிந்து, சரிபார்க்க வந்தவரிடம் விருந்தில் கறி மெல்ல முடிந்ததா என்று கேட்டேன்.

"நல்லா மெல்ல முடியுதுங்க. ஆனா நான் கறி தின்னதப் பாத்துட்டு எல்லாரும் மாப்பிள்ளை யாருன்னு கேக்கறாங்க. இனிமேத்தான் தேடோணுமுங்க."

தீப்பெட்டி

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். ரங்கசாமி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருகை வைத்த கையோடு, எலும்பு கூடுகிற வரைக்கும் பீடி தொடவே கூடாது, புகை பட்டால் எலும்பு பிடிக்காமல் போகலாம் என்று சொன்னேன். வாயில் பஞ்சு இருந்ததால் தலையை மட்டும் பலமாக ஆட்டினார். அவர் போனதும், "சட்டப்பையில ஒரு கட்டு இருக்குதுங்க" என்றாள் சரோஜா.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். பல் விளக்கும்போது திருகு கையோடு வந்துவிட்டதாம். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தர வந்தவர்போல, ஒரு தீப்பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் என் திருகு படுத்திருந்தது. கடைசியில், பக்கத்துப் பற்களைப் பிடித்துப் பாலம்போல் ஒரு பல் கட்டிக்கொண்டு சௌகரியமாகவே இருந்தார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை:

"நல்லாக் கழுவித்தான் வெச்சிருக்கறனுங்க. வேற ஆருக்காச்சும் போட்டுக்கங்க."

என் முறை

பிறகு ஒரு நாள், கடலை மிட்டாய் கடித்ததில் என் கடைவாய்ப் பல்லே வேரோடு பிளந்தது. பிடுங்கியாயிற்று. இம்பிளான்ட்தான் சரி என்று நூறு பேருக்குச் சொன்ன வாய், தனக்கென்று வந்தபோது சாக்குச் சொல்ல ஆரம்பித்தது. ஒரு வாரம் முகூர்த்தம், ஒரு வாரம் மழை, ஒரு வாரம் தலைவலி. வேறு வழியில்லாமல் சரோஜாவே ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டராக இருந்த என் தோழிக்கு போன் போட்டு, நாள் வாங்கி, என்னை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனாள்.

நாற்காலியில் படுத்ததும், எத்தனையோ பேருக்கு நானே போட்ட ஊசியைப் பார்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டு, "வலிக்குமா சரோஜா?" என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகுந்த அன்போடு சொன்னாள்:

"வலிக்காதுங்க டாக்டர். நாம எல்லாருத்துகிட்டயும் இப்படித்தானுங்களே சொல்லுவோம்."

தாடையில் எலும்பு போதுமா என்பதை எக்ஸ்ரே சொல்லிவிடும். அந்தத் தாடைக்குச் சொந்தக்காரருக்குத் தைரியம் போதுமா என்பதை மட்டும், என்னையும் சேர்த்து, கடைசிவரை சரோஜாதான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.