சந்தையில் மல்லாந்த சீட்

என் கணவர் ஆறடி உயரம். நான் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டேன். அதனால் எங்கள் நாலு கதவு பிக்கப்பில் யார் ஏறினாலும் முதலில் சீட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

போன மாதம் ஒரு கிடாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேச்சேரி சந்தைக்குத் தனியாகப் போனேன். வண்டியை நிறுத்தியதும் காலை நீட்டலாமென்று சீட்டைப் பின்னே தள்ளும் லீவரைத் தேடினேன். கையில் சிக்கியதோ முதுகுச் சாய்வின் லீவர். இழுத்ததும் சாய்வு மல்லாந்தது, கூடவே நானும். பின் கண்ணாடி வழியாகக் கிடாய் என்னைத் தலைகீழாகப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வியாபாரி வந்து கிடாயின் அருகில் நின்றார்.

"ஏனுங்க, இந்தக் கிடா யாருதுங்க?"

"என்னுதுங்க," என்றேன்.

பேசியது கிடாய்தானோ என்று அவர் அதன் வாயையே உற்றுப் பார்த்தார்.

"இங்கீங்க, வண்டிக்குள்ள படுத்திருக்கறேனுங்க!"

அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஒடம்புக்கு முடியலீங்களா?"

"சீட்டு சாஞ்சு போச்சுங்க."

"லீவரைப் புடிச்சுட்டே எந்திரிங்க."

அப்படியே எழுந்தேன். சாய்வு துள்ளி நிமிர்ந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளியது. நான் ஹாரன் மேல் போய் விழுந்தேன். அது அலறிய அலறலில் சந்தையிலிருந்த ஆடுகளெல்லாம் சேர்ந்து கத்தின.

அதற்கப்புறம் விலை பேசவே முடியவில்லை. அவர் வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்பு, நான் திறந்தால் அவருக்குச் சிரிப்பு. எப்படியோ பேசி முடித்து, கிடாயைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவர் திரும்பிச் சொன்னார்:

"அம்மிணி, போறப்ப ஒக்காந்துட்டே ஓட்டுங்க."