ஓரம் அக்காவின் பட்டியல்

எங்கள் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ‘ஓரம் அக்கா’ என்போம். திரும்பி வரும் புத்தகத்தை அவர் திறக்கவே மாட்டார். மூடியபடியே தாள்களின் ஓரத்தைப் பார்ப்பார். எதுவரை கைபட்டு அழுக்கேறியிருக்கிறதோ அதுவரைதான் படித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

“முப்பதாம் பக்கத்துலயே படுத்துட்டீங்களா தம்பி?” என்று அவர் கேட்டபோது, மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

புள்ளியியல் என்றாலே எங்களுக்கு ஆகாது. நாற்றுகளை அளந்து எண்களைக் குவித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்போம். அப்படிப்பட்ட எங்களுக்காக, எதைப் படிக்கலாம் என்று அக்கா ஒரு பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். முதலிடம் ஓர் ஒல்லிப் புத்தகத்துக்கு. கடைசித் தாள்வரை அழுக்கு. கடைசி இடம் எங்கள் இயக்குநர் எழுதிய தலையணை மாதிரியான புத்தகத்துக்கு. பன்னிரண்டாம் பக்கத்துக்குமேல் அது பளபளவென்று இருந்தது. கீழே அக்காவின் பெயர். இருபது வருட வேலையில் அவர் பெயர் போட்டு வெளிவந்த ஒரே காகிதம் அதுதான்.

இயக்குநர் கண்ணில் படாமல் இருக்குமா? ஒருநாள் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அழுக்கை வச்சா புத்தகத்துக்கு மார்க் போடுறீங்க? முதல்ல இதைக் கழட்டுங்க.”

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. “அந்த ஒல்லிப் புத்தகத்தை எத்தனை பேர் கடைசிவரைக்கும் படிச்சிருக்காங்க தெரியுமா சார்? நோட்டையே பாருங்க, இருபத்தாறு தடவை வெளிய போயிருக்கு” என்று பதிவேட்டை விரித்தார். அவர் விரல் கீழே இறங்கி, பாதியில் நின்றது.

இருபத்தாறு வரியிலும் ஒரே கையெழுத்து. அக்காவுடையது. வேறொருவரும் எடுக்கவில்லை என்பதை அவர் அன்றுதான் கவனித்தார். ஒல்லிப் புத்தகமெல்லாம் ஒரு புத்தகமா என்று இருந்த எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நோட்டை மூடி மழுப்பியிருக்கலாம். அக்கா மூடவில்லை.

“என் தப்பு சார். இருபத்தாறு தடவையும் நான்தான். ஒரே செடியை இருபத்தாறு தடவை அளந்துட்டு, இருபத்தாறு செடின்னு சொல்லிட்டேன். அந்தப் புத்தகத்துல மூணாவது பாடமே இந்தத் தப்பைப் பத்திதான்.”

சொல்லிவிட்டுத் தானே பட்டியலைக் கழற்றப் போனார்.

“நில்லுங்கம்மா” என்றார் இயக்குநர். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“போன மாசம் நீங்க அஞ்சு பேரும் எழுதிக் கொடுத்த ஆய்வுல இதே தப்பு இருக்கு. என் புத்தகத்தைப் படிச்ச உங்களுக்கும் தெரியல, எழுதின எனக்கும் தெரியல. கையெழுத்து வேற போட்டேன்.”

பட்டியல் அங்கேயே இருக்கட்டும் என்றவர், குரலைத் தாழ்த்தி, அந்த ஒல்லிப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டார்.

“அது இப்ப என் பேர்ல இருக்கு சார்” என்றார் அக்கா. “வெள்ளிக்கிழமை வாங்க.”