வெண்கலம் கூப்பிடாமல் விட்ட பெயர்

சோப்புத் தொழிற்சாலையில் அவளுடைய சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவள் வெண்கலம். வெட்டுப் பிரிவு இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி வந்த குரல் என்று சிலர் சொன்னார்கள். பொண்ணு பார்க்கப் போனபோது அவள் உள்ளே இருந்து "டீயா, காப்பியா?" என்று கேட்டதில் தெருவே பதில் சொன்னது என்று அவள் கணவன் சொல்வான்.

சங்கத்தில் மைக் வாங்காததற்கும் அவள்தான் காரணம். கூட்டம் தொடங்கும்போது மேடைக்குக் கீழே நின்று ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிடுவாள். "பாய்லர்!" "இருக்கோம்!" "கலவை!" "இருக்கோம்!" பதில் சொன்ன பிரிவு தன் பெஞ்சில் போய் உட்காரும். பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் கை தூக்கும் உரிமை. சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான்.

சோப்பில் பெயர் பதிக்கும் அச்சுப் பிரிவுக்குப் பிறகு பேக்கிங் வரும். பேக்கிங் முழுக்கப் பெண்கள். "இருக்கோம்!" என்று எல்லோரும் சொல்லி முடித்தபின், கட்டைக்குரல் என்று பெயர் வாங்கிய ஒருத்தி தனியாக ஒரு வால் சேர்ப்பாள். "எங்க போகப்போறோம்!" ஒவ்வொரு கூட்டத்திலும் அதே பேச்சுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் வெண்கலம் லாரிப் பிரிவைக் கூப்பிடுவாள்.

ஆர்டர் குறைந்தது என்று நிர்வாகம் பேக்கிங்கை மூடியது. தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த கூட்டத்துக்கு வெண்கலம் செருப்பைக் கழற்றும்போது செயலாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பேக்கிங்கைக் கூப்பிடாதம்மா. வேலைல யாரும் இல்லையே."

"சங்கத்துல இருக்காங்களே?"

"இருக்காங்க, யாரு இல்லைன்னா? வெளிய நின்னு கேக்கட்டும். எதுக்கு வீண் குழப்பம்?"

அவ்வளவுதான். அதற்கு யாரும் கை தூக்கவில்லை, யாரும் எதிர்க்கவும் இல்லை. அச்சைக் கூப்பிட்டாள், ஒரு மூச்சு விட்டாள், லாரியைக் கூப்பிட்டாள். அந்த ஒரு மூச்சுக்குள் யாரோ இருமினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த இடம் வந்தால் யாராவது இருமினார்கள்.

வேலை போனவர்களில் அவளுடைய நாத்தனாரும் ஒருத்தி. அவள் இருந்தது அதே வீட்டில். கையில் காகிதம் கிடைத்தால் போதும், மின்சாரக் கட்டண ரசீதோ காலண்டர் தாளோ, மூலை மடித்து, பக்கம் மடித்து, உள்ளே ஒரு சோப்பு இருப்பதுபோல் செய்து வைத்துவிடுவாள். அலமாரியில், சன்னலில், தலையணைக்கடியில் காலியான பொட்டலங்களாகக் கிடந்தன. வெண்கலம் எடுத்துப் பிரித்துப் பார்ப்பாள். உள்ளே எதுவும் இருக்காது என்று தெரிந்தும் பிரித்துப் பார்ப்பாள்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் நாத்தனார் கிட்டே வந்து முகர்வாள்.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணி. இன்னைக்கு எலுமிச்சையா?"

"சந்தனம்டி."

"என் மேல வாசனையே போயிடுச்சு. குளிச்சாக்கூட வரமாட்டேங்குது."

மழைக்காலத்தில் கட்டைக்குரல் காய்ச்சலில் போய்விட்டாள். சங்கத்திலிருந்து மாலை வரவில்லை. வேலையில் இருப்பவர்களுக்குத்தான் மாலை என்றார்கள். வெண்கலம் வெட்டு மேசையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி சோப்புப் பாளத்துக்குள் இறங்கியது. ஓரத்தில் சீவல் உதிர்ந்தது. அந்தச் சீவலைக்கூட யாரும் வீசுவதில்லை, கூட்டி அள்ளி மறுபடி கொப்பரையில் போடுவார்கள்.

அதன் பிறகு அந்த ஒரு மூச்சு இடம் வெறுமையாக இல்லை. அச்சைக் கூப்பிட்டு முடித்தால் அவள் கழுத்துக்குப் பின்னால் யாரோ பதில் சொல்ல வாய் திறப்பதுபோல் இருக்கும். அவசரமாக லாரியைக் கூப்பிடுவாள்.

அப்போதுதான் அந்த ஒப்பந்தம் வந்தது. பேக்கிங் வேலையை மற்ற பிரிவுகளுக்கு ஓவர்டைமாகப் பிரித்துக் கொடுக்கிறோம் என்றது நிர்வாகம். சங்கம் ஒத்துக்கொண்டால் பேக்கிங் இனித் திறக்காது. கூட்டத்துக்கு முதல் நாள் நாத்தனார் சாப்பிட உட்காரவில்லை.

"நாளைக்கு எங்க வேலையப் பங்கு போடப்போறீங்களாமே அண்ணி."

"என்னை ஏன்டி கேக்கற? நான் தலைவரா, செயலாளரா? கூப்பிடறது மட்டும்தான் என் வேலை."

"ஆமா. கூப்பிடறதுதான் உங்க வேலை," என்றாள் நாத்தனார்.

மறுநாள் அரங்கத்தில் நிற்க இடமில்லை. பேக்கிங் பெண்கள் வெளியே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அவர்களுடைய பெஞ்சில் பாதியில், கூப்பிடும் முன்பே, லாரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பாதியில் சாப்பாட்டுப் பைகள்.

வெண்கலம் கூப்பிடத் தொடங்கினாள். பாய்லர். கலவை. வெட்டு. அச்சு. அச்சுக்காரர்களின் பதில் அடங்கியதும் மூச்சை இழுத்தாள். லாரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பேக்கிங்!"

அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. யாரும் இருமவில்லை. சன்னல் பக்கமிருந்து பதில் வந்தது. "இருக்கோம்!" அது ஓய்ந்த பிறகு, வாலாக, கரகரப்பாக, "எங்க போகப்போறோம்!"

யாரும் சிரிக்கவில்லை.

செயலாளர் மேடையிலிருந்து குனிந்தார். "வாய் தவறிடுச்சு, அவ்வளவுதானே? பரவால்லம்மா. லாரியக் கூப்பிடு."

அச்சுப் பிரிவு இளைஞன் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். "வேலைல இல்லாத பேய்க்கெல்லாம் ஓட்டு வாங்கிக் குடுக்காதீங்க அக்கா!"

"பேய் இல்லடா," என்றார் பாய்லர் பெரியவர். "அங்க நிக்கறது உங்க பெரியம்மா. நல்லாப் பாரு."

"பாக்கட்டும் பாக்கட்டும்," என்று சன்னலிலிருந்து அந்தப் பெரியம்மாவின் குரல் வந்தது. "நம்ம வீட்டுக்குத்தானே சாப்பிட வரணும்."

இப்போது கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. செயலாளர் காத்துக்கொண்டிருந்தார். வாய் தவறியது உண்மைதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய்கூட ஆகாது. வெண்கலம் சன்னலைப் பார்த்தாள். நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. கூட்ட அறிவிப்புத் தாளைக் கம்பிமேல் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். மூலை, பக்கம், மறுபடி மூலை.

வெண்கலம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"பேக்கிங்!"

தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இருக்கோம்!"

செயலாளர் ஏதோ சொல்ல எழுந்தார். "கூப்பிட்டாங்க, பதில் வந்துச்சு. வேற என்ன வேணும்?" என்றார் பாய்லர் பெரியவர். லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். சாப்பாட்டுப் பைகள் தரைக்கு இறங்கின. பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஓரத்தில் ஒரு ஆள் இடம் மட்டும் விட்டிருந்தார்கள். அது யாரும் சொல்லிவைத்து விட்ட இடமில்லை.

கை தூக்கியபோது ஒப்பந்தம் தோற்றது. அந்தப் பெண்கள் வெளியிலேயே நின்றிருந்தால் தோற்றிருக்காது. அது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஓவர்டைமை நம்பியிருந்தவர்கள் அவளைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் கணவனும் அச்சுப் பிரிவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

அண்ணியும் நாத்தனாரும் நடந்தே வந்தார்கள். பாதி வழியில் வெண்கலம் நின்றாள். அவள் மெதுவாகப் பேசி நாத்தனார் அதற்குமுன் கேட்டதில்லை.

"நான் மொதல்ல கூப்பிட்டேன்ல. அப்ப கடைசில அதச் சொன்னது யாருடி?"

"எத அண்ணி?"

"எங்க போகப்போறோம்னு."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். "யாரும் சொல்லலியே. இருக்கோம்னு மட்டும்தான் சொன்னோம். மத்ததச் சொல்ல யாருக்கு வாய் வரும்?"

பேக்கிங் உடனே திறக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பாதிப் பேரைக் கூப்பிட்டார்கள். நாத்தனார் அதில் இல்லை. வீட்டில் பொட்டலங்கள் இன்னும் கிடக்கின்றன. ஆனால் வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டத்துக்குப் பேக்கிங் முழுசாக வருகிறது. அச்சை முடித்த கையோடு வெண்கலம் அவர்களைக் கூப்பிடுகிறாள். நடுவில் மூச்சு விடுவதில்லை.

இப்போது அந்த இடைவெளி அவர்கள் பதில் சொன்ன பிறகு வருகிறது. லாரிக்காரர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். வெண்கலம் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தபடி, ஒரு சிரிப்பு அடங்கும் நேரம், சும்மா நிற்பாள்.