எங்களைப் பார்க்கிற டிவி

எங்கள் வீட்டு டிவியை எனக்குப் பிடிக்காது. டிவி என்றால் அதை நாம் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் அது எங்களைப் பார்க்கிறது. அதன் உச்சியில் ஒரு கெமரா இருக்கிறது. அந்தக் கெமராவுக்குப் பயந்து என் சொந்த வீட்டு ஹோலில் நான் சுவரோரமாக நடக்கிறேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா தெரியாது.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி பிளாட்டில் நானும் அப்பாவும் இருக்கிறோம். நான் ஹெவ்லொக் டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்யவில்லை. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அம்மா இல்லை. ஒரே தம்பி, மனைவி பிள்ளைகளுடன் கனடாவில் இருக்கிறான். இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

பழைய டிவி கடல் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்துப்போனது. எங்கள் ஒழுங்கையில் எந்த மின்சாதனமும் ஆயுசுக்கு வேலை செய்ததில்லை. அதே காலத்தில் அப்பாவின் காதும் மோசமாகிவிட்டது. தம்பி ஃபோன் எடுத்தால் அப்பா, "என்ன? என்ன?" என்று இரண்டு நிமிடம் கத்திவிட்டு என்னிடம் தந்துவிடுவார். அப்போதுதான் தம்பிக்கு அந்த யோசனை வந்தது. அக்கா, ஒரு பெரிய டிவியாக வாங்கிப் போடுவோம், அதிலேயே கதைப்போம், அப்பாவுக்கு முகமும் தெரியும், சத்தமும் கேட்கும் என்றான். நல்ல யோசனைதான் என்று நானும் தலையை ஆட்டினேன். யாரைக் குறை சொல்ல?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வந்து சுவரில் பொருத்தினார். எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு, தம்பி கனடாவிலிருந்து சொல்லச் சொல்ல எதையெதையோ அமத்தினார். ஃபோன் வந்தால் டிவி சிறிது நேரம் ஒரு மெட்டு வாசிக்கும், பிறகு தானாகவே திறந்துகொள்ளும், யாரும் எழும்பி வந்து எதையும் தொடத் தேவையில்லை என்றார். நான் பதறிப்போய், அந்தத் தானாகத் திறப்பதை நிறுத்திவிடுங்கள் என்றேன்.

"நம்மளால ஏலாது மிஸ். எக்கவுண்ட் தம்பிட பேர்லதானே இருக்கு. அவர்தான் அங்க இருந்து மாத்தணும்" என்றார்.

தம்பி மாற்றவில்லை. அப்பா தனியாக இருக்கும்போது விழுந்துகிடந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டான்.

முதல் அடி எதிர் வீட்டம்மாவுக்கு விழுந்தது. அவர் ஒரு முஸ்லிம் பெண்மணி, நல்ல சிநேகிதி. அப்பா அறைக்குள் தூங்குகிறார் என்று தெரிந்து, தலையில் முக்காடு இல்லாமல், ஒரு கோப்பையில் வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு சும்மா வந்தார். நான் குசினியில் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஹோலில் மெட்டுச் சத்தம் கேட்டது. நான் ஓடிவருவதற்குள் தம்பியின் முழுக் குடும்பமும் சுவரளவுக்கு நின்று "ஹலோ" என்கிறது. அந்த மனிசி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு வேகிறது. இப்போது வருவதென்றால், கதவுக்கு வெளியே நின்று, "டிவி மூடியா ஈக்கி?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார். மூடியிருந்தாலும் அது விழித்துக்கொள்ளும் என்று சொன்னதிலிருந்து வருவதும் குறைந்துவிட்டது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தம்பி என் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தான், நான் கோயிலில் இருந்ததால் பதில் சொல்லவில்லை, உடனே கீழே காவலுக்கு நிற்பவருக்கு எடுத்து ஆளை மேலே அனுப்பிவிட்டான். கெமராவின் மேல் ஒரு கைலேஞ்சித் துணியைப் போட்டுப் பார்த்தேன். "அக்கா, கெமராவில என்னவோ விழுந்திருக்கு, எடுத்து விடுங்கோ" என்றான். அப்பாவோ என்மேல் பாய்ந்தார். "பிள்ளையின்ர முகத்தை மூடுறியோ?" என்று கேட்டார். அவருக்கு அந்த டிவி தம்பி மாதிரி ஆகிவிட்டது.

சரி, கெமராவோடு வாழப் பழகினேன். அதற்கு எது தெரியும், எது தெரியாது என்று கண்டுபிடித்தேன். அப்பா உட்காரும் செற்றியும், அதற்குப் பின்னாலிருக்கும் சுவாமிப் படமும், பல்கனிக் கதவில் பாதியும் தெரியும். டிவிக்கு நேர் கீழே உள்ள மூலை தெரியாது. ஆகவே வீட்டின் குப்பை முழுவதும் அந்த மூலைக்கு வந்து சேர்ந்தது. காயாத உடுப்புகள், மருந்துப் பெட்டி, அப்பாவின் சிறுநீர்ப் போத்தல், வெங்காயக் கூடை எல்லாம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குவியலுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு நானும் உட்கார்ந்துகொள்வேன். நைற்றியோடு நிம்மதியாக இருக்க எனக்கு வேறு இடம் இல்லை. கனடாவிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு சஞ்சிகைப் படம் போலத் தெரியும்.

ஞாயிறு அவர்களுக்குக் காலை, எங்களுக்கு மாலை. சரியாகச் செய்தி தொடங்கும் நேரம். அப்பாவுக்குச் செய்தி உயிர். எழுத்து ஓடுவதைப் படித்தே முழுவதையும் விளங்கிக்கொள்வார். அமைச்சர் யாராவது வாயைத் திறந்தால், "பொய்யன்! புளுகன்!" என்று டிவியோடு சண்டை பிடிப்பார். இப்போது அமைச்சர் பாதி வசனத்தில் நிற்க, தம்பியின் முகம் வந்துவிடுகிறது. அப்பா ஒருநாளும் அதற்கு முணுமுணுத்ததில்லை. செய்தி போனால் போகட்டும் என்பார். முணுமுணுப்பதெல்லாம் நான்தான்.

தம்பி கெட்டவன் அல்ல. ஆனால் கண்ணில் படுவதையெல்லாம் கேட்பான். "அக்கா, ஏன் அப்பா இன்னும் சேவ் எடுக்கேல்லை? அந்தக் கதவுக் கேட்டின் துணியைத் தோச்சு எவ்வளவு நாள்? அப்பா மெலிஞ்ச மாதிரிக் கிடக்கு, சூப் வைச்சுக் குடுக்கிறனீங்களோ?" நாள் முழுக்க ஓடியாடிவிட்டு, மாலையில் இந்த மேற்பார்வைக்கும் பதில் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார்.

அதனால் நானே அப்பாவைத் தயார்படுத்தத் தொடங்கினேன். நாலு மணிக்கே சேவ் எடுத்துவிடுவேன், சீப்பால் தலை இழுத்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுவிடுவேன். கீழே சாரம்தான், முன்னால் மேசை மறைப்பதால் அது கெமராவுக்குத் தெரியாது. வீங்கிய கால்கள் தெரியாது. வோக்கரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து செற்றிக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு முட்டும். அதுவும் தெரியாது. நடுங்குகிற வலது கையின் மேல் அவரே பேப்பரை விரித்து வைத்துக்கொள்வார். மெட்டு ஒலித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சிரிப்பார். பேரப்பிள்ளைகளிடம் பத்து வயதுப் பெடியன் மாதிரிப் பகிடி விடுவார். அரை மணித்தியாலம்தான். டிவி மூடியதும் அப்படியே சாய்ந்துவிடுவார். அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்காது.

நான் ஏன் இதற்கெல்லாம் உடந்தையாக இருந்தேன் என்று கேட்கலாம். எங்கள் ஆட்கள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நோய் வருத்தம் சொல்வதில்லை. செத்த வீட்டைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. சொன்னால் அங்கே கிடந்து துடிப்பார்கள், வேலைக்குப் போகமாட்டார்கள், பிள்ளைகள் பயப்படும் என்று ஆயிரம் நியாயம். "எல்லாரும் சுகம், ஒரு குறையும் இல்லை" என்று சொல்லி வளர்ந்த வாய் எனக்கும். டிவி வந்த பிறகு அதைச் சொல்லிக் காட்டினால் போதாது, நடித்தும் காட்டவேண்டி இருந்தது.

இந்த வருடம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குத் தம்பி குடும்பமாக வருவதாக இருந்தது. அப்பா அதை வைத்துத்தான் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார். பேரன் எந்தக் கட்டிலில் படுப்பான், பேத்திக்கு உறைப்பு இல்லாமல் என்ன சமைப்பது என்று தினமும் என்னைத் துளைத்தெடுத்தார். எனக்கும் அது தேவைப்பட்டது. என் முழங்கால் தேய்ந்துவிட்டது, அப்பாவைத் தூக்கி இருத்த முடியவில்லை, தம்பி வந்து கண்ணால் பார்த்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கதைக்கலாம். அதைவிட, அப்பா அடுத்த விடுமுறைக்கு இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். டொக்டருக்கும் சந்தேகம்.

ஒரு ஞாயிறு தம்பி சொன்னான்: "அக்கா, இந்த முறை டிக்கெட் எல்லாம் ஏறிப் போச்சு. பிள்ளையளுக்கும் நீச்சல் கிளாஸ் இருக்கு. இப்ப கிழமைக்கு கிழமை டிவியில பாக்கிறம்தானே. அப்பாவும் சோக்கா இருக்கிறார். அடுத்த வருசம் பாப்பம், என்ன அப்பா?"

அப்பா பேப்பருக்குக் கீழே கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓமோம், வசதியைப் பாத்து வாங்கோ" என்று சிரித்தார்.

நான் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இருந்து பல்லைக் கடித்தேன். அந்த "சோக்கா" என்ற சொல் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் சேவ் எடுத்து, நான் திருநீறு பூசி, நான் சட்டை ஸ்திரி போட்டு உண்டாக்கிய சோக்கு அது. அந்தக் கிழமை முழுவதும் எரிச்சல் அடங்கவில்லை. கடைசியில் முடிவெடுத்தேன். அடுத்த ஞாயிறு உள்ளதை உள்ளபடி காட்டுவது.

அன்றைக்குச் சேவ் எடுக்கவில்லை. பிளேட் முடிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். சட்டை ஈரம் என்றேன். வோக்கரைக் கெமராவுக்கு நேர் முன்னால், செற்றிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மருந்துப் பெட்டியைத் திறந்தபடி மேசைமேல் வைத்தேன். அப்பா பனியனோடும் நரைத்த தாடியோடும் கால்களைச் சின்ன ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு செய்தி பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூலைக் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

மெட்டு ஒலித்தது. திரையில் தம்பியின் பெயர் வந்ததும் அப்பா காலை ஸ்டூலிலிருந்து எடுத்தார். யாருடைய உதவியும் இல்லாமல் முன்னால் வளைந்து, பேப்பரை மருந்துப் பெட்டிமேல் போட்டு, வோக்கரைக் கையால் தள்ளிப் பல்கனிப் பக்கம் ஓட்டிவிட்டார். அந்த வேகத்தில் கீழே விழப்போனார். நான் பதறி எழும்புவதற்குள் செற்றிக் கையைப் பிடித்து நிமிர்ந்து, தோள் துவாயை எடுத்துப் பனியனை மூடிப் போர்த்துக்கொண்டார். டிவி திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா தாடி?" என்றான் தம்பி.

"உது இப்பத்தைய ஸ்டைலடா" என்றார் அப்பா. பேரப்பிள்ளைகள் சிரித்தன. "இப்பத்தான் கடற்கரைப் பக்கம் நடந்துபோட்டு வந்தனான். நல்ல காத்து. வேர்த்துப்போச்சு, அதுதான் சேட்டைக் கழட்டினனான்."

அப்பா லிஃப்டில் இறங்கியே மாதக்கணக்காகிறது.

"பாத்தீங்களோ அக்கா!" என்று தம்பி சந்தோஷப்பட்டான்.

எனக்குத் தாங்கவில்லை. நைற்றியோடேயே கெமராவுக்கு முன்னால் போய் நின்றேன். "பொய் தம்பி. எல்லாம் பொய். அவரால பாத்ரூமுக்குக்கூடத் தனியாப் போக ஏலாது. உங்களுக்கு முன்னால அரை மணித்தியாலம் இருந்திட்டு ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறார். நீ வந்து பார். அவ்வளவுதான் கேக்கிறன், வந்து பார்" என்றேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன்.

தம்பி முகம் சுருங்கிப்போனது. மனைவி பிள்ளைகளை அப்பால் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப்போட்டான். பிறகு, "ஏனக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை? இரவும் பகலும் நிக்க ஒரு ஆளை வைப்பம். நான் காசு போடுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றான். உண்மையாகவே வேதனைப்பட்டான். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. டிவி மூடிக்கொண்டது, பாதியில் நின்ற செய்தி மறுபடி வந்தது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன கதைத்தோம் என்பது அவருக்கு முழுவதும் கேட்கவில்லை, ஆனால் என் முகத்தையும் தம்பியின் முகத்தையும் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"ஏன் சொன்னனீ?" என்றார்.

"பின்ன? நீங்கள் நல்லா இருக்கிறியள் எண்டு நினைச்சுத்தானே அவன் வராமல் இருக்கிறான்!" என்று கத்தினேன்.

"உனக்கு விளங்காது பிள்ளை. வருத்தம் எண்டால் காசுதான் அனுப்புவான். நல்லா இருக்கிறன் எண்டால்தான் வருவான். வருத்தக்காரனைப் பாக்க ஆர் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு லீவில வருவினம்?"

இவ்வளவு காலமும் பேப்பருக்குக் கீழே கையை மறைத்து வைத்தது இதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தம்பியின் கவலையைத் தவிர்க்க நடிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வோக்கரை எடுத்துவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து என் ஃபோன் சிணுங்கியது. தம்பியின் செய்தி: "அக்கா, இப்பவே காசு போட்டிட்டன். நாளைக்கே ஒரு நல்ல ஆளைப் பாருங்கோ."

அப்பா ஃபோனைப் பார்த்துவிட்டார்.

"ஆர், தம்பியோ? என்னவாம்? வாறானாமோ?"

"வாறானாம்" என்றேன்.

அவர் கையைக் காதருகே குவித்து, "என்ன?" என்றார். நான் குனிந்து, எதிர் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, அதை இன்னொருதரம் கத்திச் சொன்னேன்.