டம்ளரில் வைத்த ஸ்ட்ரிப்புகள்

மே 3, ஞாயிறு, காலை 5.50. இரவு கோடை மழை. விடிந்தும் புழுக்கம் தீரவில்லை. விரலைக் குத்தி, ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, சுகர் மெஷினில் பார்த்தேன்... 286!

வெறும் வயிற்றில் எனக்கு 120-ஐத் தாண்டாது. நாலு வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன். வேறு விரலில் குத்தினேன். 271.

"நேத்து காப்பியில சக்கரை போட்டியா அம்மணி?" என்று மனைவியைக் கேட்டேன்.

"போடலீங்க."

"பின்ன எப்படி ஏறும்?"

"சக்கரை டப்பாவையும் எண்ணிப் பாருங்க. எத்தனை மணி குறையுதுன்னு சொல்லுங்க!"

அன்று கோபிசெட்டிபாளையத்தில் அவள் தம்பியின் புதுமனை புகுவிழா. ஒன்பது மணிக்குப் பால் காய்ச்சுகிறார்கள். ஆறரைக்கே டாக்ஸி வாசலில் நின்றது. இந்த சுகரோடு எண்பது கிலோமீட்டரா? வழியில் மயக்கம் போட்டால்? போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அவன் கட்டுன மொத ஊடுங்க" என்றாள். அவ்வளவுதான். பட்டுச்சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதே டாக்ஸியில் லேபுக்கு ஓடினேன். அரை மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது — 114.

"ஸ்ட்ரிப்பை எங்க வச்சிருக்கீங்க?" என்று லேப் பெண் கேட்டாள்.

ஃபிரிட்ஜ் மேல், ஒரு டம்ளரில். மூடிய டப்பாவுக்குள் எத்தனை மிச்சம் என்று தெரியவில்லையே! டம்ளரில் என்றால் தினமும் எண்ணலாம்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அது நுனியில என்சைம் இருக்குதுங்க ஐயா. சூடும் ஈரக்காத்தும் பட்டா கெட்டுப்போயிருமுங்க. அதுக்குத்தான் இறுக்கி மூடுற டப்பாவே."

என்சைம் — பள்ளியில் நொதி என்று படித்தோமே, அதுதான். பால் கெட்டால் நாறும். நொதி கெட்டால் நிறம்கூட மாறாது. தப்பான எண்ணைக் காட்டும். எண் என்றால் நான் நம்பிவிடுவேன். மனைவி சொன்னதில் எண் இல்லை... நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து, "கிளம்பு அம்மணி, தப்பு என்னோடது" என்றேன். கோபி போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். பாலைக் காய்ச்சி முடித்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

"ஏனக்கா, இத்தனை நேரம்?" என்றான் தம்பி.

"டாக்ஸி பஞ்சர் ஆயிருச்சு கண்ணு" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

லேப் 60, டாக்ஸி காத்திருந்ததற்கு 400, புது ஸ்ட்ரிப் 1,100. மொத்தம் 1,560 ரூபாய். எனக்காகச் சொன்ன பஞ்சர் பொய்க்கு அவள் எதுவும் வாங்கவில்லை.