நெயில் பாலிஷ் நண்டுகள்

காலை ஒன்பதே முக்காலுக்கு மீன் கிடங்கின் ரேடியோ கரகரத்தது. படகில் டோர்சியோடு வேலை பார்க்கும் லானி பேசினான்.

“டோர்சி அண்ணன் உக்காந்துட்டாரு, அக்கா.”

முப்பது வருடமாகக் கடலில் உட்காராத ஆள். இருந்தாலும், கிடங்கில் ரேடியோவை எடுத்த டோர்சியின் மனைவி வில்டா, மிச்ச நண்டுப் பொறிகளைத் தூக்கியாயிற்றா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றான் லானி. பொறி மிச்சமிருக்க அவன் உட்காருவானா? அப்படியென்றால் டோர்சி நிஜமாகவே செத்துப்போய்விட்டான்.

ஃப்ளோரிடாவின் அந்தக் கரையில் கல் நண்டை யாரும் கொல்வதில்லை. கொடுக்கை ஒடித்துக்கொண்டு நண்டைக் கடலில் விட்டுவிடுவார்கள். கொடுக்கு மறுபடி முளைக்கும். மூட்டில் சொடக்குப் போடுவது போல ஒடிக்க வேண்டும், சதை கிழிந்தால் நண்டு நீர் வடிந்தே சாகும். டோர்சி தன் படகில் வேறு யாரையும் ஒடிக்க விட்டதில்லை. பொறிக்குள் இரையாகப் பன்றிக்கால் திணிப்பதோடு லானியின் உரிமை முடிந்துவிடும்.

கிடங்கில் கொடுக்குகளை எடை போடும் வில்டாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் சகிக்காது. ஒருநாள் அவனிடமே சொன்னாள்:

“நீ வீசுற நண்டுல பாதி கடல் தரையத் தொடுறதுக்குள்ள செத்துரும். கையில்லாம எதை ஒடச்சுத் திங்கும்?”

“நான் ஒடிச்சது ஒண்ணும் சாகாது.”

“நீ போய்ப் பாத்தியா?”

பார்க்கவில்லை. அங்கேதான் பந்தயம் பிறந்தது. கொடுக்கு முளைத்த தன் நண்டு ஒன்றை அவன் காட்ட வேண்டும். அவன் தோற்றால் போதகர் கிப்ஸிடம் ஞானஸ்நானம் வாங்க வேண்டும். நாற்பது வருடமாக அதற்குத் தப்பி வந்தவன் அவன். தினமும் கடலில் நனைகிறேன், அதில் ஏதாவது ஒரு நாளைக் கடவுள் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும் என்பான்.

வில்டாவின் சிவப்பு நெயில் பாலிஷைத் திருடி, விடுகிற நண்டுகளின் முதுகில் எல்லாம் நட்சத்திரம் போட்டான். இரண்டு பருவம் காத்திருந்தான். நட்சத்திரம் போட்டவை சில திரும்பிவந்தன, எல்லாம் கொடுக்கில்லாத மொண்டி. ஊர் ஆண்கள், எங்கள் கால் நகத்துக்கும் பூசிவிடுவாயா என்று கேட்டார்கள். போதகர் அவன் அளவுக்கு ஒரு வெள்ளை அங்கியே வாங்கிவிட்டார்.

கடைசியில் லானிதான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அண்ணே, கொடுக்கு முளைக்கணும்னா நண்டு மேலோட்ட முழுசா கழட்டிப் போடணும்ல? உங்க பாலிஷும் அதோடயே போயிருமே.”

நண்டு ஓடு கழற்றும் என்பது டோர்சிக்கு நாலு வயதிலேயே தெரியும். வில்டா சிரித்த சிரிப்பில் தராசு முள் ஆடியது.

அடுத்த வாரமே வேறு வழியோடு வந்தான். கொடுக்கின் உள்பக்கத்தில் விரல் ரேகை போலக் கோடுகள் இருக்கும். பிறவிக் கொடுக்கில் அவை முழுசாக ஓடும். இழந்து முளைத்ததில் துண்டு துண்டாகக் கிடக்கும். அப்படி ஐந்தை அவள் முன்னால் போட்டான்.

“இது உன் நண்டுன்னு யாரு சொன்னா? கண்டவன் ஒடிச்சதா இருக்கும்.”

“கண்டவன் ஒடிச்சதே பொழைக்குது. நான் ஒடிச்சது பொழைக்காதா?”

வில்டா ஐந்தையும் புரட்டிப் பார்த்தாள். வெறும் ஐந்துக்காகத் தோற்றுவிட முடியுமா? இந்தப் பருவத்துக்குள் நூறு காட்டு, ஒத்துக்கொள்கிறேன் என்றாள். சாகும் நாள் வரை தொண்ணூற்றொன்று காட்டியிருந்தான்.

அவன் செத்த அன்று மதியம் படகு அவனையும் அன்றைய பிடியையும் கொண்டுவந்தது. போதகர் ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து, அவன் நெற்றியில் இரண்டு சொட்டு விட்டால் வில்டாவுக்கும் ஆறுதலாக இருக்குமே என்றார். அத்தனை வருடம் அவனை முழுக்கிவிட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான்.

“பந்தயம் இன்னும் முடியல போதகரே. தண்ணியக் கீழ வைங்க.”

அவர் வைத்தார். லானி கொடுக்குகளை வேகவைத்து ஐஸ் பெட்டியில் கொட்டினான். அடக்கம் முடிந்த மறுநாள் வில்டா முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருப்பி ரேகை பார்த்தாள். பெட்டியின் மேல் பாதியில் துண்டு ரேகையோடு மூன்று கிடைத்தன, நூறுக்கு இன்னும் ஆறு வேண்டும். கீழ் பாதியை ஐஸ் தள்ளி மூடிவைத்தாள், அதை அவள் இன்னும் பார்க்கவில்லை.